பாம்புக்கு எத்தனை அடி வீடு?

கடந்த மார்கழியில் லண்டன் ஹரோவில் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டு வாரம் நின்றேன். போய் இறங்கிய அன்றிரவே ஒரு வழக்கு என் முன்னால் வைக்கப்பட்டது. பதின்மூன்று வயது மருமகன் பாம்பு வளர்க்கப் போகிறானாம். வகுப்பில் படிக்கும் நண்பன் ஒருவனிடம் இருக்கிறதாம். ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறந்தநாளுக்குக் கிடைத்த காசையும் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறான்.

"ஊரில கண்டால் பொல்லெடுத்து அடிச்சுக் கொளுத்துவம். இவர் காசு குடுத்து வாங்கி அறைக்குள்ள வைக்கப்போறாராம்" என்றார் அக்கா. அத்தான் வாய் திறக்கவில்லை.

"மாமா, அதுக்கு நஞ்சில்லை. சத்தம் போடாது. நாய் மாதிரி வெளியில கூட்டிக்கொண்டு போகவும் தேவையில்லை. ஒரு பெட்டி இருந்தால் காணும்" என்றான் மருமகன்.

"நீ பேப்பருக்கு எழுதுறனிதானே, விசாரிச்சுச் சொல்லு" என்று அக்கா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

அவன் சொன்ன கடைசி வசனத்தில் இருந்துதான் விசாரணையைத் தொடங்கினேன். ஒரு பெட்டி இருந்தால் காணுமா? எவ்வளவு பெரிய பெட்டி? இது ஒரு நாளில் முடிகிற வேலை என்று நினைத்தேன். தேடத் தேட, பிரித்தானியாவில் பல வருடங்களாக விலங்கு நல அமைப்புகளும் வளர்ப்போரும் விற்போரும் ஆய்வாளர்களும் இதே கேள்வியில் மோதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அடைத்து வைக்கப்படும் ஓர் உயிருக்கு எவ்வளவு இடம் போதும் என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதே அந்தச் சர்ச்சை.

கடையில் ஓர் அளவு, கையேட்டில் ஓர் அளவு

மருமகன் கேட்ட பாம்பின் பெயர் ரோயல் பைதன். அமெரிக்காவில் போல் பைதன் என்பார்கள். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும். நம் ஊர் வெங்கிணாந்தியின் தூரத்து உறவு, ஆனால் அளவில் மிகச் சிறியது. வளர்ந்த ஆண் மூன்று, மூன்றரை அடி வரும். பெண் நாலிலிருந்து ஐந்தடி வரை வளரும்.

மறுநாள் அவனுடன் ஊர்வன விற்கும் கடையொன்றுக்குப் போனேன். சிறிய பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், கொஞ்சம் கடதாசி. வளர்ந்த பாம்புக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்று கேட்டேன். மூன்றடி தாராளம் என்றார் விற்பனையாளர். "பெரிய பெட்டியில் விட்டால் பயந்துவிடும், சாப்பிடாது. இயற்கையிலும் இது பொந்துக்குள்தான் கிடக்கும்" என்று விளக்கமும் தந்தார். பேச்சில் அனுபவம் தெரிந்தது. பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு விலங்கு வதைத் தடுப்புக்கான பழைமையான அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.யின் அறிவுரைகளைப் படித்தேன். பாம்பு தன் உடலை முழுதாக நீட்டிக் கிடக்க இடம் இருக்க வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. அப்படியானால் ஐந்தடி வளரும் பெண் பாம்பை மூன்றடிப் பெட்டியில் வைக்கவே முடியாது. நாலடிக்கு இரண்டடிப் பெட்டியிலும்கூட மூலைக்கு மூலை அளந்தால் நாலரை அடிதான் வருகிறது.

இரு தரப்பும் விபரம் தெரிந்தவர்கள். இருவரும் பாம்பின் நலனையே பேசுகிறார்கள். இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, பாம்பு வந்த வழியைப் பார்க்க வேண்டியிருந்தது.

லாச்சிக்குள் வளரும் வர்த்தகம்

ரோயல் பைதனின் சொந்த இடம் ஆபிரிக்காவின் மேற்கு, மத்திய பகுதிகளின் புல்வெளிகளும் வயலோரங்களும். எலி தோண்டிய வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும். கறையான் புற்றெடுக்க நாகம் குடிபுகுந்தது என்று நாம் சொல்வதை அங்கே இந்தப் பாம்பும் செய்கிறது. டோகோ, பெனின், கானா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து பல தசாப்தங்களாக இது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அழிவாபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்துடன் விற்கலாம் என்பது இதன் பொருள்.

பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றை வீடுகளிலேயே இனம்பெருக்கத் தொடங்கினார்கள். மஞ்சள், வெள்ளை, புள்ளியில்லாதது என்று நிறத்துக்கும் கோலத்துக்கும் ஏற்றபடி விலை ஏறியது. ஒருவர் இருநூறு பாம்பு வைத்திருந்தால் இருநூறு கண்ணாடிப் பெட்டிக்கு வீட்டில் இடமில்லை. அங்கேதான் றாக்கை முறை வந்தது. அலுமாரி போன்ற சட்டத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் லாச்சிகள், ஒவ்வொரு லாச்சியிலும் ஒரு பாம்பு. உயரம் அரையடி அளவில். பின்பக்கத்தில் சூடாக்கும் பட்டி ஓடும். லாச்சியை இழுத்து, சுத்தம் செய்து, எலியைப் போட்டு, மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இந்த முறையில் பாம்பு சாகவில்லை. சாப்பிட்டது, தோல் உரித்தது, முட்டையும் இட்டது. இவையே பாம்பு நலமாக இருப்பதற்கான அத்தாட்சிகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. இனம்பெருக்குவோரின் றாக்கையில் நடைமுறையாக இருந்த அளவு, காலப்போக்கில் ஒரு பாம்பை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கும் அறிவுரையாக வந்து சேர்ந்தது. கடைக்காரர் எனக்குச் சொன்னதும் அந்த வழியில் வந்த அறிவுதான்.

இது நமக்குப் புதிதல்ல. சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் பாம்பாட்டியின் பிரம்புக் கூடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையில் வாழும் வனக்குறவர் சமூகத்தின் முன்னைய தலைமுறைகளுக்கு அது பிழைப்பு. ஊர் ஊராக நடந்து போகிறவரின் தோளில் தொங்க வேண்டிய கூடை என்பதால் அது அந்த அளவில் இருந்தது. பாம்பின் தேவையை அளந்து அதை யாரும் பின்னவில்லை. லாச்சியும் அவ்வாறே சுமப்பவரின் வசதிக்கு அமைந்தது.

ஆய்வுகள் சொல்வது

பொந்துக்குள் கிடக்கும் பாம்புக்குச் சிறிய இடம் போதும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறைவிடம் இல்லாவிட்டால் ரோயல் பைதன் தவித்துப்போகும், சாப்பாட்டையும் மறுக்கும். ஆனால் பொந்து என்பது பாம்பின் படுக்கையறை. இரவில் அது வெளியே வந்து ஊர்கிறது, இரை தேடுகிறது, துணை தேடுகிறது. நைஜீரியாவில் செய்யப்பட்டு 1998இல் வெளியான ஆய்வொன்றில், பெண் பாம்புகள் பெரும்பாலும் நிலத்தில் எலி போன்றவற்றைத் தின்றிருக்க, ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளைத் தின்றிருப்பது பதிவானது. நிலத்துப் பாம்பு, ஏறாது என்று சொல்லி அரையடி உயரத்தில் வைக்கப்படும் உயிர் இது.

2019இல் மிருக வைத்திய நடத்தையியல் சஞ்சிகையொன்றில் வந்த ஆய்வில் 65 பாம்புகளை ஒவ்வொன்றும் ஒரு மணிநேரம் அவதானித்தார்கள். அவற்றில் 24, அதாவது 37 வீதமானவை, அந்த ஒரு மணிநேரத்துக்குள்ளேயே நேராகவோ ஏறத்தாழ நேராகவோ உடலை நீட்டின. பாம்பு எப்போதும் சுருண்டே கிடக்கும், நீட்ட இடம் தேவையில்லை என்ற எண்ணம் இதனால் கேள்விக்குள்ளானது. ஆய்வாளர்கள் வளர்ப்பு வர்த்தகத்தை எதிர்ப்பவர்கள் என்று வளர்ப்போர் தரப்பு ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிடவும் முடியாது.

அதனால் எனக்கு 2021இல் வெளியான லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு கூடுதல் முக்கியமாகப் பட்டது. அவர்கள் சோளப் பாம்பு எனப்படும் கோர்ன் ஸ்னேக்குகளைச் சிறிய பெட்டியிலும், உடலை முழுதாக நீட்டக்கூடிய பெரிய பெட்டியிலும் மாறிமாறி வைத்துப் பார்த்தார்கள். பெரிய பெட்டியில் பாம்புகள் கூடுதலாக இயங்கின. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய விட்டபோது பெரிய பெட்டியையே நாடின. ரோயல் பைதன் வேறு இனம் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் பாம்பிடமே கேட்டுப் பார்த்த ஆய்வு என்ற வகையில் இதற்கு ஒரு பெறுமதி உண்டு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடைக்காரரின் அனுபவத்துக்கும் விளக்கம் கிடைக்கிறது. பெரிய, வெறுமையான கண்ணாடிப் பெட்டியில் விடப்பட்ட பாம்பு பயந்தது உண்மை. ஒளிய இடமில்லாததால் பயந்தது. இலை, மரக்கிளை, பட்டை, இரண்டு மூன்று மறைவிடங்கள் என்று நிரப்பிய பெரிய பெட்டியில் அந்தப் பயத்துக்குக் காரணமில்லை. சுவரைக் கிட்டக் கொண்டுவருவதும் மறைவு தருவதும் ஒன்றல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவு, விலங்குக்குப் பொறுப்பானவர் அதற்குத் தகுந்த சூழலைக் கொடுக்க வேண்டும், இயல்பான நடத்தைக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது. உணவு, தனிமை அல்லது துணை, வலி நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவை மற்றைய தேவைகள். நாய்க்கும் பூனைக்கும் போலவே பாம்புக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் விற்பனை நிலையங்கள் 2018இன் ஒழுங்குவிதிகளின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும்.

ஆனால் வீட்டில் வைத்திருப்பவரின் பெட்டி எத்தனை அடி என்று அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் ஓர் இலக்கமும் இல்லை. 'தகுந்த' என்ற சொல்லுக்குள் கடைக்காரரின் மூன்றடியும் நுழையும், ஆறடியும் நுழையும். இயல்பான நடத்தை எது என்பதில்தான் மேலே சொன்ன சண்டையே நடக்கிறது.

ஜேர்மனி வேறு வழியில் போனது. அங்கே 1997இல் வெளியான குறைந்தபட்சத் தேவைகள் பற்றிய நிபுணர் அறிக்கை, பாம்பின் நீளத்தை இனத்துக்கு ஏற்றபடி ஓர் எண்ணால் பெருக்கிப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைக் கணிக்கச் சொல்கிறது. பாம்பு வளர வளர பெட்டியும் வளர வேண்டும். நம்மவர்கள் பலர் வாழும் நோர்வேயோ 1970களிலிருந்து ஊர்வன வளர்ப்பையே தடைசெய்திருந்தது. 2017 ஓகஸ்டில்தான் 19 இனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. ரோயல் பைதன் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இலக்கம் இருந்தாலே போதும் என்று சொல்ல வரவில்லை. குறைந்தபட்சம் என்று எழுதப்படுவது கொஞ்சக் காலத்தில் வழமையான அளவாகிவிடும். அதற்கு மேல் ஓரங்குலம் கொடுப்பவர் தன்னைத் தாராளமானவர் என்று நினைத்துக்கொள்வார். இருந்தும், இலக்கமே இல்லாத இடத்தில் விற்பவர் சொல்வதே அளவாகிறது.

பெட்டி பூட்டாமல் போனால்

அக்காவின் கவலை வேறு. "பாம்புக்கு இடம் காணுமோ என்று பாக்கிறாய். அது வெளியில வந்தால் எங்களுக்கு என்ன நடக்கும் எண்டு பார்" என்றார். நியாயமான கேள்வி.

2013 ஓகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கெம்பெல்டன் என்ற சிறுநகரில், ஊர்வனக் கடையொன்றின் மேல்மாடி வீட்டில் இரவு தங்கிய நாலு, ஆறு வயதுச் சகோதரர்கள் இருவர் ஆபிரிக்கப் பாறை மலைப்பாம்பால் கொல்லப்பட்டார்கள். அதே வீட்டில் வைக்கப்பட்டிருந்த அந்தப் பாம்பு, தன் கூண்டின் காற்றுத் துவாரம் வழியாகக் குழாய்க்குள் ஏறி, பிள்ளைகள் உறங்கிய அறையின் கூரையால் விழுந்திருந்தது. உரிமையாளர் மீது குற்றவியல் கவனயீன வழக்குத் தொடரப்பட்டு, 2016இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. 2017இல் இங்கிலாந்தின் ஹாம்ஷயரில், தான் வளர்த்த அதே இனப் பாம்பினால் ஓர் இளைஞர் மூச்சுத்திணறி இறந்தார். இங்கே நஞ்சுப் பாம்பு வளர்க்க 1976ஆம் ஆண்டின் ஆபத்தான வனவிலங்குகள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஆனால் எவ்வளவு பெரிய மலைப்பாம்பானாலும் அந்த அனுமதி தேவையில்லை.

ரோயல் பைதன் அவ்வகையானதல்ல. ஐந்தடிப் பாம்பால் ஆளைக் கொல்ல முடியாது. ஆனால் கெம்பெல்டனில் நடந்தது எல்லாப் பாம்புப் பெட்டிக்கும் பொருந்தும். தலை நுழையும் இடத்தில் உடல் நுழையும். மேல்மூடியில் புத்தகத்தை வைத்து அழுத்துவது பூட்டு ஆகாது. காற்றுத் துவாரத்துக்குத் திருகாணி போட்ட வலை, வழுக்கும் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு, வயர் வரும் ஓட்டைக்கு அடைப்பு ஆகிய மூன்றையும் பெட்டி வாங்கும்போதே பார்க்க வேண்டும். வெளியே போன ரோயல் பைதனால் ஆபத்து பெரும்பாலும் அதற்குத்தான். லண்டன் குளிரில் ஒரு சுவர் இடுக்குக்குள் அது விறைத்துச் சாகும்.

சூடு, மின்சாரம், வருடங்கள்

அளவுக்கு அடுத்தது வெப்பம். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்காது. சூடான இடத்துக்கும் குளிரான இடத்துக்கும் போய்வந்து சரிசெய்துகொள்ளும். ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 பாகை அளவில் இருக்க வேண்டும். இரு பக்கத்திலும் மறைவிடம் வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்புக்கும் வெப்பத்துக்கும் இடையில் ஒன்றை அது விட்டுக்கொடுக்க நேரும். இதற்கும் நீளம் தேவை. சிறிய பெட்டியில் இந்த வித்தியாசத்தை உருவாக்கவே முடியாது. முழுப் பெட்டியும் ஒரே சூடாகிவிடும்.

சூடாக்கியைத் தெர்மோஸ்டற் இல்லாமல் இயக்கக்கூடாது. அதைச் சுற்றிக் கம்பிக்கூடு இருக்க வேண்டும். சூட்டில் சுருண்டுகிடக்கும் பாம்பு தோல் வெந்த பிறகும் விலகாமல் இருப்பதுண்டு. கண்ணாடித் தொட்டி வெப்பத்தையும் ஈரப்பதனையும் விரைவில் இழக்கும். பலகைப் பெட்டி வெப்பத்தை வைத்திருக்கும், ஆனால் மூட்டுகளை நன்றாக அடைக்காவிட்டால் ஈரத்தில் ஊதிப்போகும். தடித்த பிளாஸ்டிக் பலகையில் செய்தது இரண்டுக்கும் நல்லது, விலைதான் கூட. மேலால் திறக்கும் பெட்டியைவிட முன்னால் திறப்பது மேல். பாம்புக்கு மேலிருந்து இறங்கும் கை, பருந்தின் கால்.

நூறு வோற் சூடாக்கி நாளின் பாதி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 1.2 அலகு, மாதம் 36 அலகு. 2022இல் பிரித்தானியாவில் எரிசக்தி விலை ஏறி, ஒரு சராசரி வீட்டுக்கான வருடக் கட்டண உச்சவரம்பு ஏப்ரலில் 1,971 பவுணாகியது. ஒக்டோபரில் அரசு தலையிட்டு 2,500 பவுணில் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சூடு கொடுக்கக் கட்டுப்படியாகாமல் ஊர்வனவற்றைக் கைவிடுவோர் பற்றி விலங்கு நல அமைப்புகள் எச்சரித்தன. அதே வருடம் மார்ச் கடைசியில் நாங்கள் பதின்மூன்று மணிநேர மின்வெட்டில் இருந்தோம். பாம்புப் பெட்டியின் உயிர் ஒரு வயரில் தொங்குகிறது என்பதை இலங்கையருக்கு விளக்கத் தேவையில்லை.

அந்த வயர் எத்தனை வருடம் தொங்க வேண்டும்? ரோயல் பைதன் இருபது, முப்பது வருடம் வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் 1961 முதல் இருந்த ஒன்று 2020இல், 62 வயதளவில், ஏழு முட்டை இட்டுச் செய்தியானது. மருமகன் பல்கலைக்கழகம் போகும்போது பாம்புக்கு ஐந்து வயதாகியிருக்கும். பிறகு யார் பார்ப்பது? இந்தக் கேள்வியைக் கேட்டதும் அத்தான் முதல் தடவையாக வாய் திறந்தார். "நான்தான். வேறை ஆர்?"

நமக்கு என்ன?

வெளிநாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கு ஏன் என்று வாசகர் கேட்கலாம். யூரியூப்பில் நிறநிறப் பாம்புகளைக் கையில் சுற்றிக் காட்டும் வீடியோக்களை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பார்க்கிறார்கள். ஆசை வந்த இடத்துக்குச் சரக்கும் வரும். 2023 ஏப்ரல் 28ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பயணி ஒருவரின் பொதிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. சுங்க அதிகாரிகள் கொக்கியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்த காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். இந்தியா 2022இல் வனவுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, 2024இல் வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதிகளைக் கொண்டுவந்தது.

இலங்கையில் அனுமதியின்றி ஊர்வனவற்றை இறக்குமதி செய்வது விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி குற்றம். நம் வெங்கிணாந்தியைப் பிடித்து வைப்பதும் குற்றம். இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் புளோரிடாவில் இருக்கிறது. அங்கே வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிய, விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 2012இல் வெளியான ஆய்வின்படி, அவை நெடுங்காலமாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன் காணப்படுவது 99 வீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. பெட்டியில் வைத்திருக்க முடியாதவர்கள் கதவைத் திறந்துவிட்டதன் விலை அது.

நமக்குப் பாம்புடனான உறவு வேறு. நயினாதீவில் கும்பிடுகிறோம், வயலில் கண்டால் அடிக்கிறோம். 2016இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, வருடத்துக்கு எண்பதாயிரம் பேருக்கு மேல் பாம்பு கடிக்கிறது, நானூறு பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. புடையன் கடித்துத் தகப்பனை இழந்த வீட்டில் போய்ப் பாம்பின் நலன் பேச முடியாது. ஆனால் அந்தப் பாம்பு சுதந்திரமாகத் திரியும் உயிர். அதற்கு நாம் கடன்பட்டிருப்பது கொஞ்சம் தூரம்தான். காசு கொடுத்து வாங்கிக் கதவைப் பூட்டிய பிறகு, அதன் வெயில், மழை, இரவு எல்லாவற்றுக்கும் பூட்டியவரே பொறுப்பு. அது குரைக்காது, முனகாது. மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தும் உயிர் தாங்கும். அதன் மௌனத்தை நலம் என்று வாசிப்பது மிகச் சுலபம், அதனால்தான் அளவு பற்றிய கேள்வியை வளர்ப்பவரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது என்று நினைக்கிறேன்.

வெறும் பெட்டி

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்க, என் தீர்ப்பைச் சொன்னேன். ஆண் பாம்பென்றால் நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அதற்குக் குறைந்தால் வேண்டாம். பெண்ணென்றால் ஆறடி, அதற்கு அவனது அறையில் சுவர் இல்லை, ஆகவே பெண் வேண்டாம். கடையில் வாங்காமல், மீட்பு நிலையங்களில் காத்திருப்பவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். முதலில் பெட்டி மட்டும். அதை ஒரு மாதம் வெறுமையாக இயக்கிக் காட்ட வேண்டும்.

மருமகன் முகம் சுருங்கியது. சேர்த்த காசு பெட்டிக்கே காணாது. அத்தான் பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து பலகைப் பெட்டியொன்று பிடித்தார். மூட்டுகளுக்குச் சிலிக்கன் பூசி, தெர்மோஸ்டற் புதிதாக வாங்கி, கதவுக்குப் பூட்டும் போட்டோம். அக்கா அறை வாசலில் நின்று பார்த்தார். "உள்ளுக்கை ஒண்டும் இல்லாமலே கரண்ட் எரியுது" என்றார்.

நான் ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கொப்பித் தாளில் இரண்டு இலக்கம்: சூட்டுப் பக்கம், குளிர்ப் பக்கம். முதல் வாரம் 36, 29 என்று எழுதியிருந்தான். சூடு கூட, பாம்பு இருந்திருந்தால் வெந்திருக்கும் என்று பதில் போட்டேன். சூடாக்கியை இடம் மாற்றி, தெர்மோஸ்டற்றின் உணரியைக் கீழே இறக்கினான். மூன்றாம் வாரம் 32, 26 வந்தது. ஒரு மாதம் முடிந்தது. மீட்பு நிலையத்தில் ஆண் பாம்பு இன்னும் வரவில்லையாம். இலக்கங்கள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.